மரங்களுக்கு நடுவே நிற்பவனுக்குச் சோறு

சில்வெஸ்டர் கிராணிக்கு இரண்டு மேஜைகள் இருந்தன. ஒன்று புக்கிட் கெலாடி ரப்பர் தோட்டத்து ஆபீசில், தலைமைக் குமாஸ்தாவான பெரிய கிராணியின் முதுகுக்குப் பின்னால். அதில் பால்வெட்டுக்காரர்களின் பெயர்ப் பதிவும் துரையின் உத்தரவுகளும் கிடக்கும். மற்றது வீட்டில், மனைவி அகதாவின் தையல் மிஷின். தலையை உள்ளே மடக்கி மேலே பலகையைப் போட்டால் அது மேஜையாகிவிடும். அந்தப் பலகையில்தான் நவீன ஐரோப்பிய இலக்கியம் நடந்தது. ஒரு மேஜையில் நடப்பது மற்ற மேஜைக்குத் தெரியாது. பிற்பாடு வந்த வினையெல்லாம் அதனால்தான்.

மலாயாவில், கோலசிலாங்கூரிலிருந்து உள்ளே பதினொரு மைலில் இருந்தது தோட்டம். சில்வெஸ்டர் கிள்ளானில் பாதிரிமார் பள்ளியில் சீனியர் கேம்பிரிட்ஜ் வரை படித்தவர். முப்பத்தெட்டு வயது. ஒல்லி. பெரட்டுக் களத்தில் அதிகாலையில் வேலைக்கு வந்தவர்களின் பெயர் கூப்பிடும்போது அவர் குரல் கடைசி லயத்து வீடுவரை கேட்கும். வீட்டில் அந்தக் குரலுக்கு வேலை இல்லை. அகதா கலும்பாங்கில் ஆட்களை வேலை வாங்கும் ஒரு மண்டோரின் மகளாகப் பிறந்தவள். மூன்று பிள்ளைகள், பதினாறு கோழிகள், ஊராரின் தையல் இவற்றுக்கு நடுவே புருஷனையும் கவனித்துக்கொண்டாள்.

ஐரோப்பா அந்த வீட்டுக்குள் வந்தது ஒரு மரப்பெட்டியில். பழைய துரை சீமைக்குத் திரும்பியபோது பங்களாவிலிருந்து வெளியே போட்ட பெட்டி. நாய்ப்பராமரிப்புப் புத்தகங்கள் நான்கு, ஒரு கவிதைப் புத்தகம். கவிதைகள் வேறு ஏதோ மொழியிலிருந்து இங்கிலீஷுக்கு வந்தவை. எந்த மொழி, யார் கவி என்பதெல்லாம் முதல் எட்டுப் பக்கங்களில் இருந்திருக்க வேண்டும். அவற்றைக் கறையான் தின்றுவிட்டது.

வேறொருவராக இருந்தால் அதோடு விட்டிருப்பார். சில்வெஸ்டருக்கு அது வசதியாகப் போயிற்று. கோலாலம்பூரிலிருந்து வந்த ஒரு வாரப் பத்திரிகையில் 'நவீன ஐரோப்பியக் கவிதையில் சொற்சித்திரம்' என்று ஒரு தொடர் ஆரம்பித்தார். இப்போது படிமம் என்கிறார்கள், அப்போது சொற்சித்திரம்தான். பெயர் தெரியாத கவி வடகடல் ஓரத்தில் வளர்ந்தவர், தாயை இளமையில் இழந்தவர், பல்வலி உள்ளவர் என்பதையெல்லாம் நடையை வைத்தே கண்டுபிடித்து எழுதினார். மறுக்க ஆள் இல்லை.

ஆள் ஒருவர் இருந்தார். மூன்று மைல் தள்ளி அடுத்த தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரஸ்ஸர் சிவானந்தம். தஞ்சாவூர்ப் பக்கத்து மனுஷர். புண்ணுக்குக் கட்டுப் போடுவதில் கெட்டிக்காரர். வாசிப்பும் உண்டு. சில்வெஸ்டர் தன் தொடரில் அந்தக் கவியை மொழிபெயர்த்துப் போட ஆரம்பித்ததும் டிரஸ்ஸருக்குப் பொறுக்கவில்லை. சண்டை ரொட்டியில் தொடங்கியது.

புத்தகத்தில் ரொட்டி என்று இருந்த இடத்திலெல்லாம் சில்வெஸ்டர் சோறு என்று போட்டார். "ஐரோப்பியனுக்கு ரொட்டி என்றால் உயிர். நமக்கு ரொட்டி என்றால் காய்ச்சல். உயிரை உயிராகப் பெயர்ப்பதே மொழிபெயர்ப்பு" என்பது அவருடைய கொள்கை. "பனி கொட்டும் நாட்டில் சோறு எங்கிருந்து வந்தது? கிராணியார் வீட்டு அடுப்பிலிருந்தா?" என்று சிவானந்தம் எழுதினார். அதோடு நிற்காமல், கிராணியாரின் நடைக்கு வயிற்றுப்போக்கு கண்டிருக்கிறது என்றார். அடுத்த வாரம் மலச்சிக்கல் என்றார். ஒரே நடைக்கு இரண்டு நோயும் எப்படி வரும் என்று சில்வெஸ்டர் பதில் கேட்டார். ஆறு வாரம் இப்படிப் போயிற்று. இடையில் சில்வெஸ்டரின் கடைசிப் பெண்ணுக்குக் காது வலி வந்தபோது டிரஸ்ஸர்தான் மருந்து விட்டார். இருவரும் மழையைப் பற்றிப் பேசிக்கொண்டார்கள். அச்சில் உள்ளதை நேரில் எடுப்பது நாகரிகமல்ல என்பதில் மட்டும் அவர்களுக்குள் கருத்து வேறுபாடு இல்லை.

அகதாவிடம் அவர் புதிய மொழிபெயர்ப்பைப் படித்துக் காட்டுவார். அவள் பித்தான் தைத்தபடி கேட்பாள்.

"மரங்களுக்கு நடுவே நிற்பவனே,
என் நிழலுக்குள் ஒளித்து
உனக்குச் சோறு கொண்டுவருகிறேன்.
விளக்கை அணைத்து வை."

"குளிருல சோறு வெறச்சுப் போவாது?" என்றாள் அகதா.

"அது சொற்சித்திரம்."

"அதான் கேக்கறேன், சித்திரத்துல வெறச்சுப் போவாதா?"

பாமர விமர்சனம் என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டார். கவிதை மறுவாரமே அச்சில் வந்தது. அடியில் 'கு. சில்வெஸ்டர், புக்கிட் கெலாடி தோட்டம்' என்று முழு விலாசம்.

அது ஐம்பத்திரண்டாம் வருஷம். அவசரகாலச் சட்டம் அமலில் இருந்தது. காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகளுக்குத் தீனி போகக் கூடாது என்று தோட்டத்து லயங்களைச் சுற்றி முள்கம்பி போட்டு, ஒரே கேட்டு வைத்து, வெளியே போகிற ஒவ்வொருவரையும் சோதித்தார்கள். பால்வெட்டுக்குப் போகிறவர்கள் ஒரு பிடி சோறுகூட எடுத்துப்போக முடியாது. வேலை முடியும்வரை வெறும் வயிறுதான். கடைக்காரர் மதார் சாகிபு பால் டின் விற்றாலும் ஆணியால் ஓட்டை போட்டுத்தான் தருவார். காட்டில் பதுக்கி வைக்க முடியாதபடி. சோறு கடத்தினால் ஜெயில் என்பது கைக்குழந்தைக்கும் தெரிந்திருந்தது.

தெரியவைத்தவரே சில்வெஸ்டர்தான். அரசாங்க அறிவிப்பை இங்கிலீஷிலிருந்து தமிழாக்கியது அவர். 'சோறு, அரிசி, வேறு எந்த உணவும் வெளியே கொண்டுபோகக் கூடாது' என்று அழகான கையெழுத்தில் எழுதி, கீழே தன் பெயரைப் போட்டு, கேட்டுப் பலகையில் ஒட்டியிருந்தார். பெரட்டுக் களத்தில் தினம் வாசிக்கவும் செய்தார். அது ஆபீஸ் மேஜை. கவிதை தையல் மிஷின்.

இரண்டு மேஜைகளையும் ஒன்றாகச் சேர்த்தது மதார் சாகிபுவின் புகையிலைப் பொட்டலம். சின்னத்தாய் என்ற பால்வெட்டுக்காரி அதை மடியில் வைத்துக்கொண்டு கேட்டைத் தாண்டும்போது, காவலுக்கு நின்ற ஸ்பெஷல் போலீஸ்காரன் பிரித்துப் பார்த்தான். காகிதம் எது கிடைத்தாலும் எழுத்துக் கூட்டிப் படிக்கும் பழக்கம் உள்ளவன். படித்தான். தலைக்கு மேலே பலகையில் இருந்த பெயரைப் பார்த்தான். மறுபடியும் படித்தான்.

"இது யாரு ஆயா குடுத்தது?"

"சாய்பு கடையில சுத்திக் குடுத்தது சாமி. எனக்குப் பொகையிலதான் தெரியும். எழுத்துக்கு நான் பொறுப்பில்ல."

செவ்வாய்க்கிழமை ஜீப்பில் இன்ஸ்பெக்டர் பெர்னாட் வந்தார். கனத்த உடம்பு. காக்கிச் சட்டையின் பித்தான்கள் மூச்சு விடும்போது கஷ்டப்பட்டன. தோட்டத்து ஆபீசிலேயே விசாரணை. பெரிய கிராணி நாற்காலியைக் கொடுத்துவிட்டு ஸ்டோருக்குப் போய்விட்டார். துரை பங்களாவில் அவசர வேலையாக இருந்தார்.

பெர்னாட் எண்ணெய்க் கறை படிந்த காகிதத்தை மேஜையில் நீவி வைத்தார்.

"நீங்க எழுதினதுதானே?"

"நான் பெயர்த்தது, சார். எழுதினவர் ஐரோப்பியக் கவி."

"பேரு?"

"தெரியாது. கறையான் தின்னுடுச்சு."

இன்ஸ்பெக்டர் 'கறையான்' என்று எழுதிக்கொண்டார். "வடகடல் பக்கத்து ஆளு, பல்வலின்னெல்லாம் எழுதியிருக்கீங்களே. நல்லாப் பழக்கமோ?"

"அது நடையை வச்சு ஒரு ஊகம், சார்."

"சரி. மரத்துக்கு நடுவுல நிக்கிறவன் யாரு?"

சில்வெஸ்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார். இந்தக் கேள்வியை இத்தனை ஆர்வத்தோடு அவரை யாரும் கேட்டதில்லை. "அது ஆள் இல்ல சார். மரணமா இருக்கலாம். காதலாவும் இருக்கலாம். மனுஷனோட தனிமைன்னும் எடுத்துக்கலாம்."

"மூணு பேரா?"

"ஒருத்தரும் இல்ல, சார்."

"மூணு பேருக்கு ஒருத்தன் சோறு கொண்டு போறான். சரி. நிழலுக்குள்ள ஒளிச்சுன்னா? நிழலுங்கறது பையா, துணியா?"

"நிழல்தான்."

"வெளக்கை அணைச்சு வைன்னு உத்தரவு போட்டிருக்கீங்க. யாருக்கு?"

"அது கவியின் மனநிலை."

பெர்னாட் பேனாவை மூடினார். கெட்ட மனிதர் இல்லை. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் அகதாவின் குடும்பத்தை அவர் பார்த்திருக்கிறார். "இங்க பாருங்க கிராணி. இது கவிதைன்னு நான் மேலிடத்துக்கு எழுதினா அவுங்க நம்ப மாட்டாங்க. எனக்கே நம்பிக்கை வரல்லை லா. வெள்ளிக்கிழமைக்குள்ள விசயம் தெரிஞ்ச ஆளு ஒருத்தர் எழுத்துல சாட்சி குடுக்கணும். இல்லாட்டி உங்களை உள்ள வைப்பாங்க. வீட்டைக் காலி பண்ணச் சொல்லுவாங்க. பெறகு குடும்பத்தோட கப்பல்ல ஏத்திடுவாங்க. இந்த வட்டாரத்துல இதைப் படிச்சு அர்த்தம் சொல்லக்கூடிய ஆளு யாரு?"

சில்வெஸ்டர் விரல்விட்டு எண்ணத் தொடங்கி முதல் விரலிலேயே நின்றார். வேறு யாருமே இல்லை என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

"டிரஸ்ஸர் சிவானந்தம்" என்றார். "ஆனா அவருக்கு நடையைப் பத்தி ஒன்னும் தெரியாது, சார். அதையும் எழுதிக்குங்க."

வீட்டில் அகதா முழுவதையும் கேட்டாள். அழவில்லை. அரிசியில் கல் பொறுக்குவதையும் நிறுத்தவில்லை.

"கப்பல்னா எங்க?"

"நாகப்பட்டினம்."

"அங்க நமக்கு யாரு இருக்கா?"

"ஒருத்தருமில்ல."

"நான் கலும்பாங்கைத் தாண்டினதே ஒங்களைக் கட்டிக்கிட்டு வந்தப்பதான். பதினாறு கோழியை எவகிட்ட விட்டுட்டுப் போவேன்?"

சில்வெஸ்டர் தையல் மிஷின் மேல் பலகையைப் போட்டார். புதன்கிழமை முழுவதும் எழுதினார். பதினான்கு பக்கம். ஐரோப்பிய இலக்கியத்தில் சொற்சித்திரத்தின் தோற்றம், வளர்ச்சி, அதன் குற்றமற்ற தன்மை. அகதா எடுத்துப் பார்த்தாள்.

"இதைப் படிச்சா இன்ஸ்பெக்டர் விட்டுருவாரா?"

"புரிஞ்சா விட்டுருவாரு."

"புரியுமா?"

வியாழக்கிழமை காலை அகதா நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு, தோட்டத்து லோரியில் ஏறி அடுத்த தோட்டத்து ஆஸ்பத்திரிக்குப் போனாள். நோயாளிகளோடு பெஞ்சில் உட்கார்ந்து, தன் முறை வந்ததும் உள்ளே போனாள்.

"வாங்கம்மா. என்ன செய்யுது?" என்றார் சிவானந்தம்.

"எனக்கு ஒன்னுமில்ல. வீட்டுக்காரருக்குத்தான் ஐரோப்பா செய்யுது."

சிவானந்தம் கதவைச் சாத்தினார். இன்ஸ்பெக்டரின் கடிதம் அவருக்கு நேற்றே வந்திருந்தது. அரசாங்க முத்திரை. 'இலக்கிய நிபுணர்' என்று விளித்திருந்தது. அதைக் கண்ணாடி போட்டு மாட்டலாமா என்றுகூட யோசித்திருந்தார். பதிலும் பாதி எழுதியாயிற்று.

"பயப்படாதீங்கம்மா. நான் உள்ளதை உள்ளபடி எழுதறேன். மூலத்துல இருக்கிறது ரொட்டி. அவரு அதை வேணும்னே சோறுன்னு மாத்தினாரு. மாத்தாம இருந்தா இந்த வம்பே வந்திருக்காது. இதுதான் நியாயம்."

"வேணும்னே மாத்தினாருன்னா எழுதியிருக்கீங்க?"

"ஆமா. ஆறு வாரமா நாங்க அதுக்குத்தானேம்மா சண்டை போட்டோம்?"

"வேணும்னே மாத்தினாருன்னா அவரு உள்ள. தெரியாம மாத்திப்புட்டாருன்னா வீட்டுல. இது ஒங்களுக்கு வெளங்கல்லையா டிரஸ்ஸரையா?"

சிவானந்தத்துக்கு விளங்கியது. ஆனால் அது அவர் எதிர்பாராத இடத்தில் வலித்தது.

"தெரியாமன்னு எப்படிம்மா எழுதுவேன்? அவரு கொள்கையோட செஞ்சது அது. தப்பான கொள்கை, ஆனா கொள்கை. அதை நான் மறைச்சா விமர்சனத்துக்கு என்ன மரியாதை?"

"ஒங்க மரியாதைக்கு நான் சட்டிபானை தூக்கிக்கிட்டுக் கப்பலேறணுமா? அவரு நல்லவருன்னு எழுத வேணாம். அவருக்கு எழுதத் தெரியாதுன்னு எழுதுங்க. ஆறு வாரமா அதைத்தானே எழுதினீங்க?"

"அது பத்திரிகைக்கும்மா" என்றார் சிவானந்தம், தணிந்த குரலில். "அவருக்கு எழுதத் தெரியும். தெரியாதவரோட நான் எதுக்கு மெனக்கெடணும்?"

"அதை அவருகிட்ட சொல்லிடாதீங்க. அப்பறம் அவரைப் பிடிக்க முடியாது" என்று சொல்லிவிட்டு அகதா எழுந்தாள். வந்ததற்கு ஒரு இருமல் மருந்தும் வாங்கிக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை ஆபீசில் நான்கு பேர். பெர்னாட் நாற்காலியில். சிவானந்தம் கோட்டுப் போட்டு வந்திருந்தார். சில்வெஸ்டர் பதினான்கு பக்கங்களோடு நின்றார். அகதா வாசற்படியில், கடைசிப் பெண்ணை இடுப்பில் வைத்துக்கொண்டு.

இன்ஸ்பெக்டர் நிபுணரின் அறிக்கையை உரக்க வாசித்தார். ஒன்பது பத்திகள். தெளிந்த நீரைப் போன்ற நடை. சிவானந்தம் அதுவரை எழுதியதெல்லாம் அதற்குப் பழகிக்கொண்டதுபோல இருந்தது.

"மூலத்தில் ரொட்டி என்று இருப்பதைப் பெயர்ப்பாளர் தெரியாமல் சோறு என்று எழுதியுள்ளார். ஐரோப்பிய வாழ்வு பற்றி அவருக்குள்ள அறிவு ஒரு மரப்பெட்டியின் அளவே. சொற்சித்திரம் என்று அவர் கருதுவது, கண்ணைக் கட்டிக்கொண்டு சுவரில் ஆணி அடிப்பதற்கு ஒப்பானது. இவ்வரிகளின் பொருள் அவருக்கே விளங்கவில்லை என்பது அவருடைய விளக்கங்களால் உறுதிப்படுகிறது. இவற்றைப் படித்து எந்தப் பயங்கரவாதியும் எந்தத் திசையிலும் ஓரடிகூட நகர முடியாது. சோறு கிடைக்கும் என்று நம்பி வருபவன் பட்டினியோடுதான் திரும்புவான்."

கடைசி வரியில் பெர்னாட் சிரித்துவிட்டார். "இது எனக்கே புரியுது லா" என்றார். காகிதத்தைத் திருப்பி சில்வெஸ்டரிடம் நீட்டினார். "மேற்கண்டது உண்மைன்னு கீழ கையெழுத்துப் போடுங்க. இன்னையோட முடிஞ்சுது."

சில்வெஸ்டரின் காதுகள் சிவந்திருந்தன. "மரப்பெட்டி வரைக்கும் ஒத்துக்கறேன், சார். ஆணி அடிக்கிறதையும் பொறுத்துக்கறேன். 'தெரியாமல்'ங்கறதை மட்டும் எடுத்துடணும்."

"ஏன்?"

"ரொட்டியைச் சோறாக்கினதுக்கு ஒரு காரணம் இருக்கு. என்னோட மூணாவது கட்டுரையில..."

"கிராணியாரே" என்றார் சிவானந்தம் பல்லைக் கடித்துக்கொண்டு, "வாயை மூடுங்க."

"நீங்க மூடுங்க. ரொட்டின்னு போட்டா அந்த வரி செத்துடும். பசிக்கிறவன் காதுல ரொட்டின்னு சொன்னா என்ன ஆவும்? ஒன்னும் ஆவாது."

"அப்ப ஐரோப்பாக்காரனுக்குப் பசிக்கலையா? அவன் பசியை எடுத்துட்டு ஒங்க பசியை வச்சா அது யாரோட கவிதை?"

"பசியில என்னய்யா ஒங்க பசி எங்க பசி!"

"இருக்கு! அதான் நடை! வெறும் சொல்லை மாத்தறதா நெனைச்சு ஒரு ஊரையே மாத்திப்புட்டீங்க!"

ஆறு வாரம் அச்சில் மட்டும் நடந்த சண்டை முதல் தடவையாக நேரில் நடந்தது. பெர்னாட் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் சர்வீசில் எத்தனையோ பேர் செய்ததை இல்லை என்று சாதித்திருக்கிறார்கள். தப்பிக்க வழி விட்டும், நான் வேண்டுமென்றே செய்தேன் என்று சாதித்த முதல் ஆள் இவர்தான்.

பேனாவைத் திறந்தார். "அப்ப தெரிஞ்சேதான் சோறுன்னு போட்டேன்னு நான் எழுதிக்கவா?"

வெளியே ரப்பர் ஷீட் ஏற்றும் லோரி உறுமிக்கொண்டிருந்தது. சில்வெஸ்டர் வாசற்படியைப் பார்த்தார். அகதா கெஞ்சவுமில்லை, முறைக்கவுமில்லை. குழந்தையை ஒரு இடுப்பிலிருந்து மறு இடுப்புக்கு மாற்றினாள்.

"எனக்குத் தெரியும், நீங்க தெரிஞ்சுதான் போட்டீங்கன்னு" என்றாள். "டிரஸ்ஸருக்கும் தெரியும். இன்னும் யாருக்குத் தெரியணும்?"

அவர் மனசுக்குள் ஒரு பட்டியல் போட்டுப் பார்த்திருக்க வேண்டும். பத்திரிகை ஆசிரியர், கோலாலம்பூர் வாசகர்கள், வருங்காலம். எல்லாம் வெகு தூரத்தில் இருந்தன. அகதாவின் செருப்பில் சேறு இருந்தது; நேற்று லோரிக்குக் காத்திருந்தபோது பட்டது.

கையெழுத்துப் போட்டார். கேட்டுப் பலகையில் போடும் அதே அழகான கையெழுத்து.

"அடியில இன்னொரு வரி இருக்கு, பார்த்துக்குங்க" என்றார் பெர்னாட். "அவசரகாலம் முடியிற வரைக்கும் பத்திரிகையில ஒன்னும் எழுத மாட்டேன்னு. மறுப்பும் சேத்திதான்." பதினான்கு பக்கங்களையும் வாங்கி ஃபைலில் வைத்துக்கொண்டார். நிபுணரின் அறிக்கை அதன் மேல் போயிற்று. ரகசியம் என்று சிவப்பில் முத்திரை விழுந்தது.

சிவானந்தத்தின் முகம் மாறியது அப்போதுதான். "அதுக்கு ஒரு பிரதி எடுத்துக்கலாமா, சார்? நான் கார்பன் வைக்கல்லை."

"சர்க்கார் ரகசியம்யா அது. வெளிய பேசினா உங்களையும் கூப்பிட வேண்டி வரும்."

அதன்பின் சில வாரம் டிரஸ்ஸர் பத்திரிகைக்குத் தனியாக எழுதிப் பார்த்தார். எதிர்க்க ஆள் இல்லாமல் எழுத்து நொண்டியது. 'நவீன ஐரோப்பிய இலக்கியம் ஓர் அறிமுகம்' என்று அடக்க ஒடுக்கமாக ஒன்று எழுதினார். ஆசிரியர் அந்த இடத்தில் தலைவலித் தைல விளம்பரத்தைப் போட்டார். தையல் மிஷின் நாள் முழுவதும் தையல் மிஷினாகவே இருந்தது. அகதா அந்த மாதம் பதினொரு ரவிக்கை தைத்தாள். சில்வெஸ்டர் சும்மா உட்கார்ந்து கோழிகளைப் பார்த்தார். அவர் பார்வை பட்டாலே கோழிகள் முட்டை இடுவதைக் குறைத்துக்கொள்கின்றன என்று அகதா குறைப்பட்டாள். கடைசியில், மறுபடியும் காது வலிக்கிறது என்று கடைசிப் பெண்ணைக் கையில் கொடுத்து அவரை ஆஸ்பத்திரிக்கு அனுப்பி வைத்தாள். பெண்ணுக்குக் காது நன்றாகத்தான் இருந்தது.

டிரஸ்ஸரும் அதைக் கண்டுபிடித்தார். இருந்தாலும் இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு, பஞ்சு வைத்து, பெண்ணின் கையில் ஒரு மிட்டாயைக் கொடுத்தார். மழை வரும்போலிருக்கிறது என்றார். ஆமாம் என்றார் சில்வெஸ்டர். வேறு நோயாளிகள் இல்லை. சிவானந்தம் மருந்துப் புட்டிகளை நேராக வைத்தார். நேராக இருந்தவற்றைக் கொஞ்சம் சாய்த்து, மறுபடியும் நேராக வைத்தார்.

"கிராணியாரே, ஒன்னு கேக்கணும். தப்பா நெனைக்கக் கூடாது. அந்த அறிக்கை... அதைப் படிச்சவங்க ரெண்டே பேர். இன்ஸ்பெக்டருக்கு இதெல்லாம் தெரியாது. நீங்கதான் சொல்லணும்." தொண்டையைச் செருமினார். "எப்படி இருந்துச்சு?"

சில்வெஸ்டர் மகளின் காதுப் பஞ்சைச் சரி செய்தார். அந்த ஒன்பது பத்திகளும் அவருக்கு மனப்பாடம். வேண்டாமென்றாலும் மறக்கவில்லை.

"நல்லா இருந்துச்சு" என்றார். "நீங்க எழுதினதுலேயே அதுதான் நல்லா இருந்துச்சு."

டிரஸ்ஸர் தலையைக் குனிந்துகொண்டார்.

"ஆனா ஆறாவது பத்தியில கொஞ்சம் இழுத்துட்டீங்க."

"எங்க இழுத்தேன்?" சிவானந்தத்தின் தலை நிமிர்ந்தது. "எந்த வரி? சொல்லுங்க பார்ப்போம்." நோயாளிகள் பெஞ்சில் உட்கார்ந்து, பக்கத்தில் தட்டி, அவருக்கு இடம் விட்டார்.